அலையாத்திக் காடுகள்: பரப்பளவு மட்டும் போதுமா?

தமிழ்நாட்டின் அலையாத்திக் காடுகள் குறித்து இரண்டு எண்கள் அண்மைக்காலமாகப் பேசப்பட்டு வருகின்றன. இந்திய வன ஆய்வு நிறுவனம் தனது 2021ஆம் ஆண்டு அறிக்கையில், மாநிலத்தின் அலையாத்திப் பரப்பை 45 சதுர கி.மீ., அதாவது 4,500 ஹெக்டேர் எனக் கணக்கிட்டது. 2025இல் வெளியான அண்ணா பல்கலைக்கழக ஆய்வோ, 2024ஆம் ஆண்டிலேயே அப்பரப்பு 9,000 ஹெக்டேரைத் தாண்டிவிட்டது என்றது. மூன்றே ஆண்டுகளில் இரு மடங்கு என்பது மகிழ்ச்சி தரும் செய்திதான். ஆனால், காடு அவ்வளவு விரைவாக வளர்வதில்லை. புதிய நடவுகளும் கணக்கெடுப்பில் கூடியிருக்கும் நுணுக்கமும் சேர்ந்த எண்ணாகவே இதை வாசிக்க வேண்டும். எவ்வளவு நிலத்தில் பச்சை தெரிகிறது என்ற கேள்விக்கு அந்த எண் விடை தருகிறது. அந்தப் பச்சை நலமாக வளர்கிறதா, அதன் அடியிலுள்ள மண் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அதைத் தாங்குமா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை.

இந்தக் கேள்விகளைக் கடற்கரையில் நின்று கேட்பதைவிட, தாம்பரத்தில் நின்று கேட்பதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். தாம்பரத்துக்கும் அலையாத்திக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வியக்கலாம். மழைநீர் செல்லும் வழியைப் பின்தொடர்ந்தால் தொடர்பு விளங்கும். முடிச்சூர், பெருங்களத்தூர், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் பெய்யும் மழை அடையாற்றில் சேர்ந்து, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலுள்ள கழிமுகத்தை அடைகிறது. செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட கிழக்குப் பகுதிகளின் நீர் ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து, முட்டுக்காடு - கோவளம் முகத்துவாரத்தைச் சேர்கிறது. ஆக, தாம்பரம் இரண்டு கழிமுகங்களுக்கு மேட்டுநிலம். அங்கிருந்து வரும் நன்னீரும் வண்டலும் கழிவும்தான் கீழேயுள்ள உப்பங்கழி மண்ணின் தன்மையைப் பெருமளவு தீர்மானிக்கின்றன.

காட்டின் உற்பத்தியை அளப்பது எப்படி?

ஒரு வயலின் விளைச்சலை மூட்டைக் கணக்கில் சொல்கிறோம். காட்டுக்கும் அத்தகைய கணக்கு உண்டு. ஓராண்டில் ஒரு ஹெக்டேர் காடு சூரிய ஒளியையும் கரியமில வாயுவையும் கொண்டு எத்தனை டன் புதிய இலை, மரம், வேர் ஆகியவற்றை உருவாக்குகிறது என்பதே அதன் உற்பத்தித்திறன். அலையாத்திக் காட்டில் இதை அளக்க மிக எளிய கருவி ஒன்று உள்ளது. ஒரு சதுர மீட்டர் அகலமுள்ள நைலான் வலைப் பையை, உயர் ஓதத்தின் நீர்மட்டத்துக்கு மேலே மரங்களுக்கு அடியில் கட்டி வைப்பார்கள். அதில் உதிரும் இலை, பூ, காய், சுள்ளி ஆகியவற்றை மாதம் ஓரிரு முறை சேகரித்து, உலர்த்தி எடைபோடுவார்கள். பையொன்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 2.7 கிராம் சேர்ந்தால், அது ஆண்டுக்கு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 10 டன் ஆகும். உலகின் நல்ல அலையாத்திக் காடுகளில் காணப்படும் அளவு ஏறத்தாழ இதுவே.

உதிரும் இலை மட்டுமே முழுக் கணக்கு ஆகாது. உலகளாவிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், மொத்த உற்பத்தியில் சற்றேறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இலையுதிர்விலும், இன்னொரு பங்கு மரத்திலும், எஞ்சிய பெரும்பங்கு வேரிலும் செல்கிறது என்கின்றனர். மரத்தின் பங்கை அறிய, குறிப்பிட்ட மரங்களில் அடையாளமிட்டு ஆண்டுதோறும் அடிமரச் சுற்றளவை அளக்கிறார்கள். வேரின் பங்கை அறிய, வேரற்ற மண் நிரப்பிய வலைக் குழாய்களைப் புதைத்து, ஓராண்டு கழித்து அவற்றில் எவ்வளவு வேர் நுழைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். காட்டுக்கு மேலே கோபுரம் எழுப்பி, காற்றில் ஏறி இறங்கும் கரியமில வாயுவை நொடிக்கு நொடி பதிவுசெய்யும் முறையும் உண்டு. பிச்சாவரத்தில் அத்தகைய அளவீடுகள் நடந்துள்ளன.

இவற்றோடு ஒப்பிட்டால், செயற்கைக்கோள் படம் காட்டுவது மேற்கூரையை மட்டுமே. வன ஆய்வு நிறுவனத்தின் வகைப்பாட்டில், மர விதானம் 70 விழுக்காட்டுக்கு மேல் மூடிய இடம் ‘மிக அடர்ந்த’ காடு. 40 முதல் 70 வரை ‘நடுத்தர அடர்த்தி’. 10 முதல் 40 வரை ‘திறந்த’ காடு. தமிழ்நாட்டின் 45 சதுர கி.மீ. பரப்பில், மிக அடர்ந்த வகை 1 சதுர கி.மீ. அளவுக்குத்தான் இருந்தது. நம் அலையாத்திகளின் உண்மையான நிலைமையைப் பரப்பளவைவிட இந்த ஒற்றை எண் தெளிவாகச் சொல்கிறது. நம்மிடம் காட்டின் பரப்பு குறைவு என்பதோடு, உள்ள காட்டின் பெரும்பகுதியும் மெலிந்தது. மெலிவுக்கான காரணத்தை மேலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. மண்ணைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

மண் சொல்லும் கதை

அலையாத்தி மண்ணில் முதலில் பார்க்க வேண்டியது உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. தேங்கிய நீர் வெயிலில் ஆவியாகும்போது மண்ணின் உப்பு கடல்நீரின் உப்பையும் மிஞ்சிவிடும். வெண்கண்டல் இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இலை வழியாகவே உப்பை வெளியேற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. சுரபுன்னை அத்தனை தாங்காது. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து தீர்ந்துவிடுகிறது. மற்ற மாதங்களில் கழிமுகத்துக்கு வரும் நன்னீர் மிகக் குறைவு. எனவே இங்கு மண்ணின் உப்பை ஒருமுறை அளந்து பயனில்லை. மழைக்குப் பிந்தைய ஜனவரியிலும் கோடை முற்றிய மே மாதத்திலும் அளந்தால்தான் மரம் சந்திக்கும் உண்மையான நெருக்கடி தெரியும்.

அடுத்தது உயிர்வளி. நீர் நிறைந்த சேற்றில் உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடும். அதன்பின் நுண்ணுயிர்கள் கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டைப் பயன்படுத்தி வாழத் தொடங்கும். அதன் கழிவாக ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிப்படும். கூவம், அடையாற்றுக் கரைகளில் மூக்கைப் பொத்த வைக்கும் அழுகிய முட்டை நாற்றம் இதுதான். இது வேர்களுக்கு நஞ்சு. வெண்கண்டலின் பென்சில் போன்ற மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு காற்றை வேருக்கு இழுப்பது இந்த நஞ்சைச் சமாளிக்கவே. அந்த மூச்சுவேர்களின் மேல் நெகிழிப் பைகளும் கட்டட இடிபாடும் படிந்தால் மரம் மூச்சுத் திணறும். மண்ணின் இந்த நிலையை ஒரு மின்முனையைச் செருகி மில்லிவோல்ட் கணக்கில் அளந்துவிடலாம்.

மூன்றாவது ஊட்டம். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலுள்ள ட்வின் கேஸ் தீவில், பல்லாண்டுகளாக முழங்கால், இடுப்பு உயரத்துக்கு மேல் வளராமல் நின்ற குட்டை மரங்களுக்கு ஆய்வாளர்கள் பாஸ்பரஸ் இட்டார்கள். அவை விரைந்து வளரத் தொடங்கின. அதே தீவின் நீரோரத்து மரங்களோ பாஸ்பரஸுக்கு அசையவில்லை. அவற்றுக்குத் தேவைப்பட்டது நைட்ரஜன். ஒரே தீவில் சில மீட்டர் இடைவெளியில் மண்ணின் குறை மாறுகிறது. அப்படியிருக்க, ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரே நடவு முறை, ஒரே கன்று, ஒரே இடைவெளி என்று திட்டம் வகுப்பது மண்ணைப் பாராமல் மருந்தெழுதுவதற்கு ஒப்பாகும்.

நான்காவது நிலமட்டம். பொதுவாக அலையாத்தி வேரூன்றுவது சராசரிக் கடல்மட்டத்துக்கும் உயர் ஓதமட்டத்துக்கும் இடைப்பட்ட பட்டையில்தான். சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டியது. ஆகவே அலையாத்திக்கு உகந்த உயரப் பட்டை ஏறத்தாழ அரை மீட்டர்தான். அதற்குக் கீழே நட்ட கன்று மூழ்கிச் சாகும். மேலே நட்டது உப்பில் கருகும். ஆற்றோரத்தில் ஒரு லாரி கட்டட இடிபாடு கொட்டி நிலம் ஒரு முழம் உயர்ந்தாலே அந்த இடம் அலையாத்திக்கு உரியதாக இல்லாமல் சீமைக் கருவேலத்துக்கு உரியதாகிவிடும்.

பிச்சாவரம் கற்பித்த பாடம்

மண்ணைப் படித்ததால் காடு மீண்டதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1970கள் வரை பிச்சாவரத்தில் பகுதி பகுதியாகக் காட்டை முழுமையாக வெட்டியெடுக்கும் முறை நடைமுறையில் இருந்தது. வெட்டிய இடங்களில் காடு திரும்ப வளரவில்லை. மாடு மேய்ச்சலும் விறகு வெட்டும் உள்ளூர் மக்களுமே காரணம் என்று நெடுங்காலம் பழி சுமத்தப்பட்டது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் நிலத்தின் அமைப்பைக் கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. மரங்களை இழந்து வெயிலில் காய்ந்த மண் தாழ்ந்து, தட்டுபோன்ற பள்ளங்கள் உருவாகியிருந்தன. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, மண்ணில் உப்பைக் குவித்திருந்தது.

நோயின் காரணம் தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. மீன் முள்ளைப் போல நடுவே ஒரு கால்வாயும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓதநீர் நாள்தோறும் வந்து திரும்பியது; மண்ணின் உப்பு இறங்கியது; வாய்க்கால் ஓரங்களில் நட்ட கன்றுகள் பிழைத்தன. இந்த முறை பின்னர் முத்துப்பேட்டையிலும் ஆந்திரத்தின் கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்களிலும் பின்பற்றப்பட்டது. அதே பிச்சாவரம் 2022 ஜூலையில், பள்ளிக்கரணை, கரிக்கிலி ஆகியவற்றுடன் சேர்ந்து ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உள்ளூர் மக்களை விரட்டியிருந்தால் இந்த மீட்சி நிகழ்ந்திருக்காது. தவறான காரணத்தைக் கண்டறிந்தால் தவறான ஆளுக்குத் தண்டனை கிடைக்கும் என்பதும் பிச்சாவரம் சொல்லும் செய்திகளுள் ஒன்று.

முத்துப்பேட்டை இன்னொரு பாடம். காவிரிப் படுகையின் கடைக்கோடியில் இருக்கும் அந்தக் காட்டுக்கு நன்னீர் வரத்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இன்று அங்குப் பெரும்பகுதி வெண்கண்டல் என்ற ஒரே இனம்தான். வரைபடத்தில் பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் ஒரே நிறம். மேல்மடையில் அணையும் மதகும் எடுத்த முடிவுகள் கடைமடையின் மண்ணில் எழுதப்பட்டிருப்பது அந்த நிறத்தில் தெரியாது.

பசுமை எல்லாம் நலமல்ல

இனி சென்னையின் தெற்குக்கு வருவோம். அடையாற்றுக் கழிமுகத்தில் குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்டுச் சீரழிந்திருந்த உப்பங்கழியை மீட்டு, 58 ஏக்கரில் அமைக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையின் அப்பணியில் அலையாத்தி நடவும் ஒரு பகுதி. குப்பைமேட்டை மீட்டு உயிர்ச்சூழலாக்க முடியும் என்று காட்டிய பணி அது, பாராட்டுக்குரியது. ஆனால் அந்தக் கழிமுகத்தை அடையும் ஆறு, தாம்பரத்திலிருந்து நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை வரை கழிவுநீரை ஏந்திக்கொண்டு வருகிறது. கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுதி. அவை இலையைத் தழைக்க வைக்கும். செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் அடர்பச்சையாகத் தெரியும். வலைப் பையில் விழும் இலையின் எடைகூட அதிகரிக்கும்.

இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் பல்லாண்டுகள் நடந்த உரமிடும் சோதனைகளின் முடிவுகள் 2009இல் வெளியாயின. ஊட்டம் மிகுந்த மரங்கள் தண்டையும் இலையையும் பெருக்கிக்கொண்டன. வேரில் முதலீடு செய்யவில்லை. வறட்சி வந்து மண்ணின் உப்பு ஏறியபோது, உரம் பெறாத மரங்களைவிட உரம் பெற்ற மரங்களே அதிகம் மடிந்தன. கழிவுநீரால் கொழுத்த காடு ஒரு நல்ல ஆண்டில் செழித்தும் ஒரு கொடிய கோடையில் சரிந்தும் போகலாம். ஆகையால் இலையின் கணக்கை மட்டும் எடுத்து மண்ணின் கணக்கை விட்டுவிட்டால், நோயை வளர்ச்சி என்று எண்ணிக்கொள்வோம். இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அடையாற்றின் இன்னொரு சிக்கல் முகத்துவாரம். கடலோர மணல் நகர்ந்து வந்து வாயை அடைத்துவிடுகிறது. பருவமழைக்கு முன்பாக நீர்வளத்துறை அதைத் தூர்வாருகிறது. வெள்ளம் வடிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவானதையும், முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும் மறந்துவிடாதவர்கள் அந்த நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அலையாத்திக்கு முகத்துவாரம் திறந்திருக்க வேண்டியது மழைக்காலத்தில் மட்டுமல்ல. கோடையில் வாய் அடைபட்டால் ஓதம் உள்ளே வராது, கழிவு வெளியேறாது, மண்ணில் உயிர்வளி தீரும். ஆண்டு முழுவதும் ஓதம் வந்துபோவது காட்டுக்கு மூச்சு, ஊருக்கு வடிகால். இரு தேவைகளும் ஒரே வேலையில் நிறைவேறுகின்றன.

முட்டுக்காட்டின் நிலை சற்று வேறு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 250 சதுர கி.மீ. அந்த நீர் முழுவதும் ஒக்கியம் மடுவின் குறுகிய கழுத்தில் நுழைந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலைத் தொடுகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் புதிய நன்னீர்த் தேக்கம் அறிவிக்கப்பட்டது. சென்னையின் குடிநீர்த் தேவை உண்மையானது. ஆயினும், உவர்நீர் பாயும் கழியின் ஒரு பகுதியை நன்னீராக்கும்போது எஞ்சிய கழியின் உப்பு எப்படி மாறும், அங்கு இறாலும் நண்டும் பிடித்து வாழும் குடும்பங்களின் நிலை என்னவாகும் என்பதைக் கட்டுமானத்துக்கு முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு இல்லையென்றால், பின்னர் எது கெட்டது என்று எவரும் நிறுவ முடியாது.

எங்கே நடக்கூடாது?

அலையாத்தி நல்லது என்பதால் ஈரமான இடமெங்கும் அதை நட வேண்டும் என்ற எண்ணமும் பரவி வருகிறது. பள்ளிக்கரணை, நன்னீரும் சிறிது உவர்நீரும் கலந்த கோரைச் சதுப்பு. அது அலையாத்திக் காடாக மாற வேண்டிய நிலமல்ல. அடையாற்றுக் கழிமுகத்தின் திறந்த சேற்றுத் திட்டுகள், வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான் வகைப் பறவைகளின் உணவுக்களம். அங்கு வரிசையாகக் கன்று நட்டால் பறவையும் போகும், கன்றும் நிலைக்காது.

இது வெறும் அச்சமன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் நடந்த அலையாத்தி நடவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. 23 இடங்களில் 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நடவு முயற்சி நடந்திருந்தது. அவற்றுள் ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் பிழைக்கவில்லை. உண்மையில் காடாக நிலைத்தது 200 ஹெக்டேர் அளவே. உலகெங்கிலுமிருந்து வந்த உதவிப் பணமும் மக்களின் உழைப்பும் நல்லெண்ணமும் அங்கு இருந்தன. இல்லாமற்போனது, இந்த மண்ணும் இந்த மட்டமும் இந்தக் கன்றுக்கு ஏற்றதா என்ற முன்விசாரணை.

நாமும் இப்போது பெரும் பணத்தை இறக்குகிறோம். ஒன்பது மாநிலங்களிலும் நான்கு ஒன்றியப் பகுதிகளிலும் 540 சதுர கி.மீ. அலையாத்தியை ஐந்தாண்டுகளில் மீட்டெடுக்க, ஒன்றிய அரசு 2023 ஜூன் 5 அன்று ‘மிஷ்டி’ திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2023-24 நிதிநிலை அறிக்கையில், உலக வங்கி உதவியுடன் ரூ.2,000 கோடியில் நெய்தல் மீட்சி இயக்கத்தை அறிவித்தது. இவ்வளவு பணம் எத்தனை கன்று, எத்தனை ஹெக்டேர் என்ற கணக்கோடு முடிந்துவிட்டால், இலங்கையின் அனுபவம் நம் கரையிலும் நிகழக்கூடும்.

காலநிலைக் கோணத்திலும் மண்ணே முதன்மை. இந்தோ-பசிபிக் பகுதியின் 25 அலையாத்திக் காடுகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கார்பன் சேமிப்பைக் கண்டது. ஆற்றுக் கழிமுகக் காடுகளில் அதன் மிகப் பெரும்பகுதி மரத்தில் அல்ல, மண்ணில் இருந்தது. அந்த மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். நேற்று நட்ட கன்றின் ஹெக்டேரும் அத்தகைய பழங்காட்டின் ஹெக்டேரும் பட்டியலில் ஒன்றாக எண்ணப்படுவது, பழங்காட்டை அழித்துவிட்டுப் புதுக்கன்றைக் காட்டி ஈடுசெய்துவிட்டோம் என்று கூற வழி திறக்கும். இழந்ததற்கு ஈடாக நடுதல் என்ற நிபந்தனையோடு கடலோரத் திட்டங்களுக்கு ஒப்புதல் தரப்படும் நாட்டில், இது ஏட்டளவிலான கவலை அல்ல.

செய்ய வேண்டியவை

அளவீடு செலவு பிடிக்கும், காலம் எடுக்கும், அதுவரை நடவை நிறுத்த முடியுமா என்று அதிகாரிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கோபுரமும் செயற்கைக்கோளும் எல்லா இடத்திலும் தேவையில்லை. நைலான் வலை, தராசு, உலர்த்தும் அடுப்பு, உப்பளக்கும் கைக்கருவி, மின்முனை, மட்டம் பார்க்கும் கருவி ஆகியவை பெரும்பாலான கல்லூரிகளின் ஆய்வகங்களில் இருப்பவை. இல்லாதவற்றையும் ஒரு ஹெக்டேர் நடவுச் செலவுக்குள் வாங்கிவிடலாம் என்பது என் மதிப்பீடு. 1937 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தொடங்கி, தென்புறநகரில் உயிரியல் கற்பிக்கும் கல்லூரிகள் பல உள்ளன. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நிலைத்த கடற்கரை மேலாண்மைக்கான தேசிய மையம் இயங்குகிறது. அடையாற்றிலும் முட்டுக்காட்டிலும் சில நிலையான ஆய்வுத் திட்டுகளைக் குறித்துக்கொண்டு, மாணவர்கள் மாதந்தோறும் அளக்க, மையம் அம்முறைகளைத் தரப்படுத்திச் சரிபார்க்கலாம். ஐந்தாண்டுத் தொடர்ப் பதிவு கிடைத்தால், அது எந்தச் செயற்கைக்கோள் படத்தையும்விட மதிப்பு மிக்கது.

வனத்துறை செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, எந்த இடத்தில் நடுவதற்கு முன்பும் அதன் நிலமட்டம், ஓதம் வந்துபோகும் கால அளவு, மழைக்கால - கோடைக்கால உப்பு, மண்ணின் உயிர்வளி நிலை ஆகியவற்றை அளந்து பொதுவெளியில் வைப்பது. நீரோட்டத்தைச் சரிசெய்தாலே காடு தானாக முளைக்கும் இடங்களில் கன்று நடவே தேவைப்படாது என்பதும் அப்போது தெரியவரும். இரண்டு, நட்ட எண்ணிக்கையோடு மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் பிழைத்தவற்றின் விழுக்காட்டையும் இலையுதிர்வு அளவையும் ஆண்டறிக்கையில் வெளியிடுவது. தோல்வியடைந்த இடங்களையும் மறைக்காமல் வெளியிட வேண்டும். அடுத்த இடத்தில் பணத்தை மிச்சப்படுத்துவது அந்தப் பதிவுதான்.

மூன்றாவது கடமை கடற்கரையில் இல்லை. தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான இம்மாநகராட்சியின் பல பகுதிகளில் பாதாளச் சாக்கடைத் திட்டம் இன்னும் முழுமை பெறவில்லை. மழைநீர்க் கால்வாய்களில் கழிவுநீர் ஓடுவதை இங்கு வாழும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். ஏரிகளின் கலங்கல்கள் சுருங்க, நீரைத் தேக்கிச் சிறிது சிறிதாக விடும் ஆற்றல் அவற்றுக்குக் குறைகிறது. அதனால் மழைக்காலத்தில் வெள்ளமும் மற்ற காலத்தில் வெறும் கழிவுநீருமே கீழே செல்கின்றன. அலையாத்திக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு: ஆண்டு முழுவதும் அளவான நன்னீர், அளவான வண்டல், குறைந்த கழிவு. கடற்கரை மீட்சிக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு செம்பாக்கத்திலும் முடிச்சூரிலும் செலவிடப்பட்டால், அது திசைமாறிய செலவு ஆகாது.

பள்ளிக்கரணை வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கி.மீ. தொலைவுக்குள், அந்நிலத்தின் மீது தாக்கம் செலுத்தும் பகுதி அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரை புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி வழங்கலாகாது என்று 2025இல் உத்தரவிட்டது. ஒரு கிலோமீட்டர் சரியா, அதிகமா என்று விவாதம் நடக்கிறது. நீரோட்டத்தின் கணக்கில் பார்த்தால், தாக்கம் செலுத்தும் பகுதி தாம்பரம் வரை நீள்கிறது. அதற்காகத் தாம்பரத்தில் கட்டடமே எழக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. எழும் ஒவ்வொரு கட்டடமும் தன் கழிவுநீரையும் இடிபாட்டையும் எங்கே அனுப்புகிறது என்ற கேள்வியைத் திட்ட அனுமதியின் ஒரு பகுதியாக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

ஜூலை 26 உலக அலையாத்தி நாள். ஆண்டுதோறும் அன்று நாம் கேட்கும் செய்தி, இவ்வாண்டு இத்தனை லட்சம் கன்றுகள் நடப்பட்டன என்பது. அடுத்த ஜூலையில் அதனுடன் இன்னும் மூன்று எண்களையும் அரசு வெளியிடட்டும்: மூன்றாண்டுகளுக்கு முன் நட்டவற்றில் எத்தனை உயிருடன் உள்ளன, அடையாற்றிலும் முட்டுக்காட்டிலும் ஹெக்டேருக்கு எத்தனை டன் இலை உதிர்ந்தது, மே மாதத்தில் அந்த மண்ணின் உப்பு எவ்வளவு. அந்த மூன்று எண்களும் வெளிவரத் தொடங்கினால், கழிமுகத்தில் நடப்பதற்குத் தாம்பரத்தின் சாக்கடையும் பொறுப்பு என்பது தானாகவே விளங்கும். எங்கே செலவிட வேண்டும் என்பதும் தெளியும்.